இல்லத்துள் உடன்காணல்

தமிழில் உறவின் அணிமையைக் குறிக்கும் சொற்கள் பலவற்றில் 'உடன்' என்னும் சொல் முன்னிற்கிறது. உடன்பிறந்தார், உடனுறைவு, உடன்பாடு, உடன்போக்கு என வருவன காண்க. இவ்வரிசையில் 'உடன்காணல்' என்னும் சொல்லையும் இக்கட்டுரையின் பொருட்டுச் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு குடும்பத்தார் தம் இல்லத்தில் ஓரிடத்து அமர்ந்து, ஒரே நேரத்தில், ஒரே தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் காணுதலை இச்சொல்லாற் குறிப்பேன். இங்ஙனம் காணுதல் குடும்பத்தாரை ஒருவரோடொருவர் நெருங்கச் செய்கிறது என்பது பலரும் கூறும் செய்தி. அங்ஙனம் நெருங்கச் செய்வது யாது, அது எவ்வாறு நிகழ்கிறது என்பனவே ஈண்டு ஆராயத்தக்கவை. அவற்றை விளக்குதற்குரிய கருவி நம் இலக்கண நூல்களிலேயே உண்டு என்பது என் கருத்து.

தொடக்கத்திலேயே ஒரு தடையை எதிர்கொள்ள வேண்டும். ஓரிடத்து இருந்து ஒன்றையே நோக்குவதால் மட்டும் அணிமை பிறக்குமாயின், புகைவண்டி நிலையத்தில் கால அட்டவணையை அண்ணாந்து நோக்கி நிற்கும் பயணியர் அனைவரும் உறவினராதல் வேண்டும். இத்தடையை ஆய்வின் வாயிலாக எழுப்பியவருள் எலினர் மக்கோபி என்னும் உளவியல் அறிஞர் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த பகுதியில் தாய்மாரை வினவி அவர் 1951-இல் வெளியிட்ட கட்டுரை, தொலைக்காட்சி வந்த வீடுகளில் குடும்பத்தார் கூடியிருக்கும் நேரம் மிகுந்தது என்பதை ஒப்புக்கொள்கிறது. ஆயின் அந்நேரத்தில் அவர்கள் தம்முள் பேசுதல் அரிது என்றும், அருகருகே செல்லினும் ஒன்றையொன்று தொடாத இணைகோடுகளைப் போன்றதே அவர்தம் கூட்டம் என்றும் அது கூறுகிறது. இம்முடிபை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் அது எல்லா நாட்டு வீடுகளுக்கும் பொருந்துவதா என்பது வேறு வினா. தமிழ்நாட்டு வீடுகளில் தொலைக்காட்சிமுன் அமர்ந்தவர் வாய்மூடியிருந்தனர் என்று எவரேனும் எழுதுவாராயின், அவர் அவ்வீடுகளுள் ஒன்றிலேனும் ஒரு மாலைப்பொழுது இருந்தவர் அல்லர் எனத் துணியலாம்.

திரைப்பட அரங்கையும் இல்லத்தையும் ஒப்பிட்டு நோக்கின் இவ்வேறுபாடு தெளிவாகும். அரங்கில் விளக்கணைப்பர். காண்போர் அனைவரும் ஒரு திசை நோக்கி வரிசையாக அமர்வர். அருகிருப்பவர் முகம் இருளில் மறையும்; பேசுவோரை முன்வரிசையார் திரும்பி நோக்கி அடக்குவர். இல்லத்திலோ விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒருவர் நாற்காலியிலும், ஒருவர் பாயிலும், ஒருவர் சுவரிற் சாய்ந்தும், ஒருவர் கீரை ஆய்ந்துகொண்டும் இருப்பர். பெட்டி ஒரு மூலையில் இருத்தலின், அமர்வோர் அதனை அரைவட்டமாகச் சூழ்வர். அரைவட்டமாக அமர்ந்தோர்க்குப் பெட்டியும் தெரியும். பிறர் முகமும் தெரியும். உடன்காணல் பற்றிய செய்திகள் பலவும் இவ்வரைவட்டத்தில் அடங்கும் என்றே சொல்லலாம்.

இனி இலக்கணத்திற்கு வருவோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் முதல் நூற்பா, மெய்ப்பாடு தோன்றும் களத்தைப் 'பண்ணை' என்னும் சொல்லாற் சுட்டுகிறது. விளையாட்டு நிகழும் இடம் அல்லது கூட்டம் எனும் பொருளில் உரைகாரர்கள் அதனை விளக்குவர். ஆகவே, சுவை என்பது தனித்திருப்பான் ஒருவன் உள்ளத்தில் எழுவதாக மட்டும் அன்றிக் கூடியிருப்பார் நடுவே தோன்றுவதாகவும் அந்நூலார் கருதினர் எனக் கொள்ள இடமுண்டு. இளம்பூரணர் தம் உரையிற் செயிற்றியனார் கருத்தை எடுத்துக்காட்டுகிறார். நடிப்பவன் செய்தது காண்பவரைச் சென்று அடைதலே மெய்ப்பாடு என்பது அக்கருத்து. இது நாடக அரங்கை நோக்கிய விளக்கம். நடிப்பவன், காண்பவன் என்னும் இருவரே இதில் இடம்பெறுவர்.

பழைய உரையில் வரும் எடுத்துக்காட்டு ஒன்று இதனினும் நுண்ணியது. கொடுவிலங்கு ஒன்றைக் கண்டு அஞ்சி ஒருவன் ஓடிவருகிறான். அவனை மற்றொருவன் காண்கிறான். ஓடிவருபவன் அஞ்சினான் என்பதை அறிதற்குக் காண்பவன் அவ்விலங்கைத் தானும் காணவேண்டுவதில்லை. மேலும், அஞ்சியவனைக் கண்டவனுக்கு அச்சம் பிறப்பதில்லை. நகையோ இரக்கமோ பிறக்கிறது. ஒருவனது மெய்ப்பாடு அதனைக் கண்டவன் உள்ளத்தில் அதே மெய்ப்பாடாகச் சென்று படிவதில்லை, வேறொன்றாக மாறுகிறது என்னும் இக்கருத்தைச் சுவை எங்கே நிற்கிறது என்னும் வாதத்தின் இடையே உரைகாரர் கூறிச் செல்கிறார். வீட்டில் நிகழும் காட்சியை விளக்க இதனினும் பொருத்தமான தொடக்கம் எனக்குக் கிடைத்திலது.

இவ்வெடுத்துக்காட்டை மூன்று நிலைகளாக விரித்துக் காணலாம். இருவரும் விலங்கைக் காண்கின்றனர், ஒருவரையொருவர் காண்பதில்லை. இஃது இருண்ட அரங்கின் நிலை. ஒருவன் விலங்கைக் காண்கிறான்; மற்றவன் அவனை மட்டுமே காண்கிறான். இஃது உரைகாரர் எடுத்துக்கொண்ட நிலை. இருவரும் விலங்கையும் காண்கின்றனர். அக்கணமே ஒருவரையொருவரும் காண்கின்றனர். இம்மூன்றாம் நிலையே இல்லத்துள் உடன்காணல். இந்நிலையில் காட்சி இரண்டாகிறது. பெட்டியில் நிகழ்வது ஒரு காட்சி. அதனைக் காண்போர் முகத்தில் நிகழ்வது மற்றொரு காட்சி. உடன்காண்பார் ஒவ்வொருவரும் பிறர்க்குக் காட்சியாகின்றனர்.

அரக்கன் திரையில் தோன்றியவுடன் மூன்று வயதுக் குழந்தை தாயின் முந்தானைக்குள் முகம் புதைக்கிறது. குழந்தைக்கு அச்சம். அதனைக் கண்ட பாட்டனார்க்கு நகை. நகைக்குரிய நிலைக்களன்களுள் இளமையும் பேதைமையும் எண்ணப்பட்டுள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது. பாட்டனார் நகைப்பதைக் கேட்ட குழந்தை முந்தானையை விலக்கி முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறது. பின்னரே அரக்கனைப் பார்க்கிறது. அஞ்சத்தக்கது இவ்வளவே என்பதை அஃது அவர் முகத்திலிருந்து கற்றுக்கொள்கிறது. இதன் மறுதலையும் உண்டு. எக்காலத்தும் பிறர்முன் கண்கலங்காதவர் எனப் பெயர்பெற்ற தந்தை, மகள் புக்ககம் செல்லும் காட்சி ஒன்றில் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். வியர்வை என்கிறார். மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. திருமணத்திற்கு நாள் குறிக்கப்பட்ட மகள் அதனை ஓரக்கண்ணாற் காண்கிறாள். தந்தையிடம் கேட்டறிய இயலாத ஒன்றை அவள் அறிந்துகொள்கிறாள். அணிமை என்று நாம் கூறுவது இவ்வறிவையே. மக்கோபியார் தேடிய உரையாடல் இதில் இல்லை என்பது உண்மை. ஆயின் இதனை இணைகோடு என்று சொல்லவும் இயலாது.

இப்பழக்கம் தொலைக்காட்சியோடு தோன்றியதன்று. வடதமிழ்நாட்டுத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழாக்காலத்துப் பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் படித்து விரித்துரைப்பர்; இரவில் கூத்து நிகழும். குடும்பத்தார் பாயும் போர்வையும் கொண்டு சென்று ஓரிடம் பிடித்து அமர்வர். கூத்தில் கட்டியக்காரன் கதைக்குள்ளும் நிற்பான், கதைக்குப் புறம்பே நின்று அவையோரோடும் பேசுவான். வீடுகளிலோ எழுத்தறிந்த ஒருவர் அல்லி அரசாணி மாலை போன்ற பெரிய எழுத்துப் புத்தகங்களை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பெண்டிர் சூழ்ந்திருந்து கேட்டு, இடையிட்டுப் பேசினர். வானொலிக் காலத்தும் இவ்வழக்கம் ஓரளவு நின்றது. தொலைக்காட்சி வந்தபோது அது வெற்றிடத்தில் வந்து இறங்கவில்லை. கூடிக் கேட்டலும், கேட்டவாறே உரை கூறுதலும் பழகிய கூடத்தில் வந்து இறங்கியது. கட்டியக்காரன் இடம் மட்டும் காலியாக இருந்தது. அதனை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொண்டார். பெரும்பாலும் அவர் பாட்டியாராகவோ, வேலையின்றி இருந்த சிற்றப்பனாகவோ இருந்தார்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் மாலை நேரத்தில் மட்டுமே ஒளிபரப்பு நிகழ்ந்தது. அதுவும் சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே எட்டியது. இலங்கையில் 1982-இல் ரூபவாகினி தொடங்கியபின், தமிழ்நாட்டின் தென்கடற்கரை ஊர்களிற் பலர் சென்னைக்கு முன்னரே கொழும்பைக் கண்டனர். கூரைமேல் உயர்ந்த மூங்கிலில் கட்டிய ஆண்டெனாவை ஒருவன் மேலேறித் திருப்ப, கீழிருந்து "தெரியுது, தெரியுது, போச்சு" என்று மற்றவர் கூவிய காலம் அது. காட்சியைப் பெறுதலே அன்று குடும்பம் முழுவதும் கூடிச் செய்த தொழிலாக இருந்தது என்பதை இன்றைய மாணவர் அறிதல் நன்று. 1984-இல் நாடெங்கும் ஒளிபரப்புக் கோபுரங்கள் விரைந்து பெருகின. அதன்பின் பெட்டி சிற்றூர்களிலும் புகுந்தது.

ஆயின் அன்று பெட்டி எல்லார் வீட்டிலும் இல்லை. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்', ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம் ஆகியவற்றின்போது பெட்டியுள்ள வீட்டிற்குத் தெருவே வந்தது. இதனைக் கூறுவோர் பலர் பெருமகிழ்ச்சியோடு கூறி நிறுத்திவிடுவர். உள்ளே பாயில் அமர்ந்தோர் யார், திண்ணையில் நின்றோர் யார், சாளரக் கம்பியைப் பற்றிக்கொண்டு வெளியே நின்றோர் யார் என்று கேட்டல் வேண்டும். சாதியும் வறுமையும் அந்த அரைவட்டத்தின் எல்லையை வரைந்தன. சாளரத்தின் புறத்தே நின்ற சிறுவனுக்கு உள்ளிருந்தோர் முதுகே தெரிந்தது. அவன் பெட்டியைக் கண்டான், முகங்களைக் கண்டிலன். காட்சி ஒன்றேயாயினும் அவனுக்கு அஃது உடன்காணல் ஆகவில்லை. 2006 முதல் தமிழ்நாட்டு அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கியதன் பயனைப் பொருளாதார நோக்கில் பலர் ஆராய்ந்தனர். பிறர் வீட்டுச் சாளரத்தில் நின்றவன் தன் வீட்டுப் பாயில் தன் தாயின் அருகே அமர்ந்தான் என்னும் கோணமும் அதற்கு உண்டு.

1987 சனவரி முதல் 1988 சூலை வரை ஞாயிறுதோறும் காலையில் ஒளிபரப்பான இராமாயணத் தொடர் நம் ஆராய்ச்சிக்குத் தனிச் சிறப்புடையது. இராமானந்த சாகர் எடுத்த அத்தொடர் இந்தி மொழியில் அமைந்தது. தமிழ்நாட்டு வீடுகளிற் பெரும்பாலோர்க்கு அம்மொழி தெரியாது. தெரியாத மொழியில் தெரிந்த கதை வந்தது. அதனால் வீட்டினுள் ஒரு புதுமை நிகழ்ந்தது. கதை முழுதும் அறிந்த பாட்டியார்க்குச் சொல் விளங்கவில்லை. இந்தி வகுப்பிற்குச் சென்றுவந்த பெயர்த்திக்குச் சொல் சில விளங்கின; கதை விளங்கவில்லை. ஒருவர் உதவி மற்றவர்க்குத் தேவைப்பட்டது. சிறுமி சொல்லுக்குப் பொருள் கூற, முதியவர் நிகழ்ச்சிக்குப் பொருள் கூறினார். பதவுரையும் விளக்கவுரையும் என இதனை நம் மாணவர் சொல்லக்கூடும். வீட்டில் இறுதியாகப் பேசும் உரிமையுடையவர் எவர் என்னும் வரிசை, ஞாயிறு காலை ஒரு மணிநேரத்திற்குச் சற்றே நெகிழ்ந்தது.

கம்பனைக் கற்ற முதியோர் இருந்த வீடுகளில் இவ்வுரை பூசலாகவும் மாறியது. தொடரில் இலக்குவன் குடிலைச் சுற்றிக் கோடு கிழித்துச் செல்கிறான்; அக்கோடு கம்பனில் இல்லை. இராவணன் சீதையைத் தீண்டாது, பர்ணசாலை இருந்த நிலத்தோடும் பெயர்த்துச் சென்றான் என்பது கம்பன் கொண்ட வழி. தொடரின் தொடக்கத்தில் அதற்கு ஆதாரமான நூல்களுள் கம்பராமாயணமும் சுட்டப்பட்டது. ஆயினும் தாம் கேட்டு வளர்ந்த கதை வேறாக நிகழ்வதைக் கண்ட முதியவர் வாளாவிருப்பாரா? "கம்பர் அப்படிச் சொல்லவில்லை" என்று தொடங்கிய உரை, நிகழ்ச்சி முடிந்த பின்னும் உணவுவேளை வரை நீண்டது. கம்பராமாயணத்தை நூலாகத் தொட்டிராத இளைஞர் சிலர் அதன்கண் ஒரு செய்யுளைக் காதாற் கேட்டது அத்தகைய ஞாயிற்றுக்கிழமையில்தான். இத்தொடரின் அரசியல் விளைவுகளைப் பற்றிய நூல்கள் பல உள. கூடத்தில் நிகழ்ந்த இவ்வுரைகளைத் திரட்டி வைத்தல் வேண்டும் என்று அக்காலத்துத் தமிழ்த் துறைகளில் எவர்க்கும் தோன்றவில்லை. தோன்றாதோருள் யானும் ஒருவன்.

சன் தொலைக்காட்சி 1993-இல் தொடங்கிய பிறகு நாள்தொடர்கள் பெருகின. 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' போன்றவை ஆண்டுக்கணக்கில் ஓடின. இவற்றைத் 'தொடர்' என எழுத்தில் வழங்குகிறோம்; வீட்டில் முதிய பெண்டிர் வாயில் வழங்கும் பெயர் 'நாடகம்'. தொல்காப்பியனார் அகப்பொருளை வகுக்குமிடத்து உலகியல் வழக்கையும் நாடக வழக்கையும் சேர்த்தே எண்ணினார். அவ்விரண்டும் ஒன்றையொன்று ஊடுருவும் இடமாக மாலைநேரக் கூடம் ஆயிற்று எனல் மிகையாகாது. இந்நாடகங்களின் இலக்கியத் தரம் பற்றி எனக்கு உயர்ந்த எண்ணம் இல்லை. ஆயின் அவற்றின்முன் பேசப்பட்ட பேச்சின் தரம் வேறு.

அகப்பாடல்களின் அடிக்குறிப்புகளைப் பயின்றோர், தலைவன் சிறைப்புறத்தே நிற்பத் தோழி தலைவியை நோக்கிக் கூறும் துறையை நன்கறிவர். சிறைப்புறம் என்பது வேலிப்புறம். தோழி பேசுவது தலைவியிடம், கேட்கவேண்டியவன் தலைவன். நேரே கூறின் அவன் நாணுவான், அல்லது மறுமொழி கூறவேண்டிய நெருக்கடிக்கு ஆளாவான். புறத்தே நின்று கேட்டானாயின், கேட்டதாகவும் கொள்ளலாம், கேளாததாகவும் கொள்ளலாம். வரைவுக்கு அவனைத் தூண்டுதற்கு இதனினும் மென்மையான வழி இல்லை. கற்பியலில் வரும் முன்னிலைப் புறமொழி என்பதும் இவ்வினத்தது. முன்னிற்பாரை முன்னில்லாதார்போல் வைத்துக் கூறுதல் அது. தொலைக்காட்சிமுன் குடும்பத்தார் பேசும் பேச்சில் பெரும்பகுதி இவ்விரண்டன் வகையைச் சார்ந்தது. நாடகத்து மாமியாரை ஏசும் மருமகள் தன் மாமியார் கேட்க ஏசுகிறாள். நாடகத்து மருமகளின் அடக்கத்தைப் பாராட்டும் மாமியாரும் யார் கேட்கவேண்டும் என்பதை அறிந்தே பாராட்டுகிறார். இங்கு வேறுபாடு ஒன்று உண்டு. சங்கப் பாடலில் கேட்பவன் மறைந்து நிற்கிறான். கூடத்தில் ஒருவரும் மறைந்திலர். அனைவரும் ஒரே பாயில் இருக்கின்றனர். ஆகவே வேலி வேண்டப்படுகிறது. அவ்வேலியாக நிற்பது பெட்டி.

இதற்கு என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றையே சான்றாகக் காட்டல் பொறுக்கத்தக்கது என எண்ணுகிறேன். 1989-இல் என் தமக்கையார் மேனிலைப் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படிக்கவேண்டும். பணம் கட்டுதற்குரிய நாள் நெருங்கியது. தந்தையார் ஆம் என்றும் கூறவில்லை, இல்லை என்றும் கூறவில்லை. பத்து நாளாக அப்பேச்சை எடுக்க எவரும் துணிந்திலர். அந்நாளில் ஓர் இரவு சென்னை நிலையத்து வார நாடகத்தில், தந்தை ஒருவர் தம் மகளின் படிப்பை நிறுத்தும் காட்சி வந்தது. அதுவரை வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா, உலக்கையை நிறுத்திவிட்டுப் பெட்டியை நோக்கி, "படிச்ச புள்ளைய வீட்டுல பூட்டி வச்சு என்னடா செய்யப்போற? ஊறுகாயா போடப்போற?" என்றார்.

அந்நடிகர் நரைத்த தலையினர். அறியாத ஒருவரை, அதிலும் முதியவரை, 'டா' என்று விளிக்கும் வழக்கம் அப்பத்தாவிடம் இல்லை. அவர் அங்ஙனம் விளிக்கக்கூடியவர் அக்கூடத்தில் ஒருவரே. இலக்கண முறையில் நோக்கின், இது முன்னிலைப் புறமொழியைத் தலைகீழாக்கியது. முன்னில்லாதவனை முன்னிலையாக்கி விளித்தவாறே, முன்னிருப்பவனைக் குறித்தது. தந்தையார் ஒன்றும் கூறாது சிறிது நகைத்தார். தமக்கையார் குனிந்த தலை நிமிரவில்லை. தாயார் எழுந்து சமையலறைக்குச் சென்றார். நாடகம் தொடர்ந்தது. மறுநாட் காலையில் தந்தையார் வங்கிக்குச் சென்று கல்லூரியின் பெயருக்கு வரைவோலை எடுத்துவந்தார். அதைப் பற்றி அவரும் அப்பத்தாவும் பின்னர் ஒருபோதும் பேசியதாக எனக்கு நினைவில்லை. பெட்டி இல்லாதிருப்பின் அப்பத்தா வேறு வழி கண்டிருப்பார் என்பதும் உண்மையே. ஆயின் அன்று அவர்க்கு வாய்த்த வேலி அதுவாயிற்று.

உடன்காணல் எல்லா வீட்டிலும் இங்ஙனமே பயன்பட்டது என்று கூறுதல் பொய்யாகும். டேவிட் மோர்லி என்பார் தென் இலண்டனில் பதினெட்டுக் குடும்பங்களை நேரிற் கண்டு உசாவி 1986-இல் வெளியிட்ட நூலில், எதனைக் காண்பது என்று முடிவு செய்தவர் பெரும்பாலும் ஆடவரே என்பதைக் காட்டினார். ரிமோட் இருந்த இடம் தந்தையின் நாற்காலிக் கை. அவர்கள் வாய்மூடிக் கூர்ந்து காண விரும்பினர். பெண்டிரோ பேசிக்கொண்டும் வேறு பணி செய்துகொண்டும் கண்டனர். நம் வீடுகளில் கிரிக்கெட்டு நடக்கும் நாளில் இதனை எவரும் சோதித்தறியலாம். அமெரிக்காவில் வீடுகளில் உடனிருந்து நோக்கி 1980-இல் ஆய்வுக் கட்டுரை எழுதிய ஜேம்ஸ் லல் என்பவரோ, தொலைக்காட்சி நெருங்குதற்கும் பயன்படும், ஒருவரையொருவர் தவிர்த்தற்கும் பயன்படும் என்றார். கணவனும் மனைவியும் பூசலிட்ட இரவில் பெட்டியின் ஒலி வழக்கத்தினும் மிகுவதை அண்டை வீட்டார் அறிவர்.

நம் நாட்டில் இதனினும் கருதத்தக்கது சமையலறைச் சுவர். கூடத்தில் அரைவட்டம் அமைந்திருக்க, ஒருத்தி அடுப்பின்முன் நின்று செவியால் மட்டும் அந்நாடகத்தைப் பின்தொடர்ந்தாள். விளம்பரம் வந்தபோது கரண்டியோடு வாயிலில் வந்து நின்று, "என்ன ஆச்சு?" என்றாள். யாரேனும் ஒருவர் சொன்னார். பல வேளையில் ஒருவரும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் உடன்காணல் எத்துணை உண்மையானது என்பதை அளக்கவேண்டின், அக்கேள்விக்கு விடை கிடைத்ததா என்பதை நோக்கினால் போதும். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்னும் பொருளியலார் தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளின் ஊரகத் தரவுகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரை, கேபிள் தொலைக்காட்சி வந்த ஊர்களில், கணவன் அடித்தலைச் சரியென்று ஏற்கும் பெண்டிர் குறைந்தனர் என்றும், வீட்டு முடிவுகளில் அவர்க்குப் பங்கு மிகுந்தது என்றும் கூறுகிறது. அவர்கள் அதற்குக் காரணமாகத் திரையிற் கண்ட நகர வாழ்வைக் கருதுவர். வாயிலில் வந்து நின்று பேசும் வாய்ப்பும் அதற்கு ஒரு காரணமாகுமோ என்பது என் ஐயம். தரவுகளால் அதனைத் தெளிதல் அரிது.

இன்று பல வீடுகளில் அவ்வரைவட்டம் கலைந்துவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறுதிரை இருக்கிறது. அதனைக் காண்பவன் திடீரென நகைக்கிறான். அருகிருப்பவர்க்கு அவன் முகம் தெரிகிறது. அவன் கண்டது தெரியவில்லை. உரைகாரர் கூறிய எடுத்துக்காட்டு இப்போதுதான் சொல்லுக்குச் சொல் நிகழ்கிறது. விலங்கைக் கண்டவன் ஒருவன். அவனை மட்டும் கண்டவன் மற்றொருவன். ஆயின் உரைகாரரின் மனிதன் ஓடிவந்தவனைக் கண்டு அவன் அஞ்சினான் என அறிந்தான். சிறுதிரையை நோக்கி நகைப்பவனைக் கண்டோர் அந்நகை எள்ளல் பற்றியதா, உவகை பற்றியதா என்பதை அறிய இயலாது "என்ன?" என்று கேட்கின்றனர். அவன் "ஒன்றுமில்லை" என்கிறான். இதனால் குடும்பம் அழிந்துவிடும் என்று புலம்புவோரோடு எனக்கு உடன்பாடில்லை. 2020-இல் கொள்ளைநோயின் பொருட்டு நாடடங்கிய நாட்களில், தூரதர்ஷன் அந்தப் பழைய இராமாயணத் தொடரை மார்ச்சு 28 முதல் மீண்டும் ஒளிபரப்பியது. முன்னர்ச் சிறுமியாக இருந்து சொற்பொருள் கூறியவர் இம்முறை பாயின் நடுவே அமர்ந்து தம் மக்கட்குக் கதைப்பொருள் கூறிய வீடுகள் உண்டு. கடல் கடந்து வாழும் மகனும் சிற்றூரில் இருக்கும் தாயும் ஒரே பாட்டுப் போட்டியை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு தொலைபேசியிற் பேசியவாறே காணும் வழக்கமும் பெருகியுள்ளது. அதில் முகம் இல்லை, உரை உண்டு. அதனை உடன்காணல் என்னும் பெயருள் அடக்கலாமா என்பதை முடிவு செய்தற்கு முன், இல்லத்துள் நிகழ்ந்தவற்றை முறையாகப் பதிவு செய்தல் வேண்டும்.

அப்பதிவிற்குரிய அட்டவணையைப் புதிதாக ஆக்கவேண்டுவதில்லை. செய்யுளியலில் உறுப்புகளாக எண்ணப்பட்டவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பன உள்ளன. பேசியவர் யார், யாரை நோக்கி, யார் கேட்க, எவ்விடத்து, எப்பொழுது, எதன்பொருட்டு என்று வீட்டுப் பேச்சு ஒவ்வொன்றையும் இவ்வுறுப்புகளின்கீழ் எழுதலாம். ஆய்வாளர் வீட்டினுள் வந்து அமர்ந்தவுடன் அவ்வீட்டார் பேச்சு மாறிவிடும் என்பது தெரிந்ததே. ஆகவே முதுகலை மாணவர் தத்தம் வீட்டிலிருந்தே தொடங்குதல் நலம். இங்ஙனம் எழுதிப் பார்க்கையில், மேற்காட்டிய 1989-ஆம் ஆண்டுப் பேச்சின் உறுப்புகளில் ஏழு எளிதில் நிரம்பின. கூற்று அப்பத்தாவுடையது, கேட்போர் தந்தையார், களன் கூடம், காலம் இரவு, பயன் தமக்கையின் படிப்பு, மெய்ப்பாடு வெகுளி, முன்னம், 'டா' என்னும் விளி. எச்சம் என்னும் இடத்தை எழுத எனக்குப் பல ஆண்டு பிடித்தது. அப்பத்தா பள்ளிக்கூடத்தின் வாயிலை மிதித்தவர் அல்லர். பத்திரங்களில் அவர் பெயருக்கு நேரே இருப்பது கைந்நாட்டு.